காலுக்குத் தெரிந்த கணக்கு

ராஜகுளத்தில் எங்கள் பெரியம்மா வீட்டுப் பரணுக்கு ஏற மரப்படி உண்டு. மூன்றாவது படி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அங்கே வந்தால் பெரியம்மா ஒரு கணம் நின்றுதான் ஏறுவார்.

பலகை மாற்ற வந்த ஆசாரித் தாத்தா, தேய்ந்த பலகைகளைக் கழற்றினார். பக்கச் சட்டங்கள் இரண்டின் மேலும் குறுக்காக ஒரு ரீப்பர் கட்டையை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வைத்தார். மூன்றாவது படியில் குமிழி சுவர்ப் பக்கம் ஓடியது. எதிர்ப்பக்கச் சட்டத்தைக் கறையான் அரித்திருந்தது.

ரசமட்டம் என்று பெயர்; உள்ளே பாதரசம் கிடையாது, ஆல்கஹால் போன்ற நீர்மம்தான். குழல் நேராகத் தெரிந்தாலும் நடுவில் மயிரிழை அளவு மேலே வளைந்திருக்கும். கனமான நீர்மம் கீழே இறங்க, குமிழி உயரமான இடத்துக்குப் போய்விடும். ரசமட்டமே பொய் சொன்னால்? அதே இடத்தில் முன்பின்னாகத் திருப்பி வையுங்கள். குமிழி முன்பு நின்ற பக்கமே, அதே அளவு தள்ளி நின்றால் அதை நம்பலாம்.

அரித்ததைச் சுரண்டிவிட்டு, மெல்லிய தேக்குத் துண்டை வைத்து ஒட்டினார். குமிழி நடுவுக்கு வந்தது.

"பலகை அடிச்சிடலாமா தாத்தா?"

"இரு கண்ணு. பழைய பலகை ஒரு இஞ்ச். புதுசு ஒன்றரை. என்ன ஆகும் சொல்லு?"

எல்லாப் படியும் அரை அங்குலம் உயரும், அவ்வளவுதானே என்றேன். அங்கேதான் ஏமாந்தேன். தரை உயராதே! அதனால் முதல் படி அரை அங்குலம் கூடிவிடும். பரணும் உயராது; கடைசி ஏற்றம் அரை அங்குலம் குறையும். நடுவில் மட்டும் எல்லாம் பழையபடி.

அரை அங்குலம் என்ன செய்துவிடும் என்கிறீர்களா? நியூயார்க்கில், புரூக்ளின் 36-ஆம் தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு படி மற்றவற்றைவிடத் துளி உயரமாக இருந்தது. அதில் ஆள் மாற்றி ஆள் தடுக்கியதை 2012-இல் ஒருவர் படம்பிடித்துக் காட்டினார்; பிறகு சரிசெய்தார்கள். இரண்டு படி ஏறியதுமே கால் உயரத்தைப் பழகிக்கொள்ளும். அப்புறம் நாம் பார்ப்பதில்லை. விளிம்பைத் தாண்டுகிற அளவுக்கே பாதத்தைத் தூக்குகிறோம்.

தாத்தா உளியை எடுத்தார். பலகை உட்காரும் இடங்களை எல்லாம் அரை அங்குலம் செதுக்கி இறக்கி, ஒவ்வொன்றிலும் மறுபடி ரசமட்டம் வைத்தார். பலகை அடிக்க அரை மணி நேரம். செதுக்கியதோ நாள் முழுக்க.

அன்று சாயங்காலம் பெரியம்மா இடுப்பில் முறத்தோடு, கீழே பார்க்காமலே பரணுக்கு ஏறிப்போனார்.