வாசலிலிருந்து வீதிக்கு: சென்னைப் பொதுவெளியில் தற்காலிகக் கூட்டுக்கலையாகக் கோலம்

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு வாசலில் இடப்படும் கோலம் வீதிக்கு வரும்போது, பலர் கூடிப் பங்கேற்கும் தற்காலிகப் பொதுக்கலையாகிறது. மயிலாப்பூர் விழாவின் கோலப்போட்டியையும், 2019இல் பெசன்ட் நகரில் இடப்பட்ட எதிர்ப்புக் கோலங்களையும் ஒப்பிட்டு, இம்மாற்றத்தில் இடவுரிமை பெறும் இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோலம், பொதுவெளி, தற்காலிகக் கலை, மயிலாப்பூர், பெசன்ட் நகர்

முன்னுரை

பொதுவிடத்தில் உருவாகி, பார்ப்போரின் பங்கேற்பால் நிறைவடைந்து, குறுகிய காலத்தில் மறையும் கலைவடிவங்கள் நகரவியல் ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ளன. 2011ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கேண்டி சாங் என்னும் கலைஞர், கைவிடப்பட்ட வீடொன்றின் சுவரைக் கரும்பலகையாக்கி, இறப்பதற்கு முன் செய்ய விரும்புவதைச் சுண்ணக்கட்டியால் எழுதுமாறு வழிப்போக்கரை அழைத்தார். இவ்வடிவம் பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. தமிழ்ச் சூழலில் இதற்கு நெருங்கிய வடிவம் நாள்தோறும் இடப்பட்டு நாள்தோறும் அழியும் கோலமாகும். ஆயினும் கோலம் எப்போதும் பொதுக்கலையாக இருப்பதில்லை. எவ்விடத்தில், எவரால், எவர் இசைவுடன் இடப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் பொதுத்தன்மை அமைகிறது.

வாசற்கோலத்தின் இயல்பு

வாசல் வீட்டுக்கும் வீதிக்கும் இடைப்பட்ட வெளி. நீர் தெளித்துக் கோலமிடும் இடம் நகரத்தில் பெரும்பாலும் பொதுவீதியின் ஒரு பகுதியே எனினும், வழக்கத்தால் அது வீட்டாருக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது. அரிசிமாவு எறும்பு முதலான சிற்றுயிர்களுக்கு உணவாதலை விஜயா நாகராஜன் கோலம் பற்றிய தம் நூலில் ஓர் அறமாக விளக்கியுள்ளார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் அவர்தம் ஆய்வுக்குழுவினரும் 1970களில் கோல வடிவங்களைக் கணினிசார் இலக்கண விதிகளால் விளக்கினர். கோலம் கூட்டுக்கலையாக மாறுவதற்கு இவ்விதித்தன்மை துணைசெய்கிறது. புள்ளிகளின் வரிசையும் இழை செல்லும் முறையும் அறிந்த ஒருவர், முன்பின் அறியாதவர் தொடங்கிய கோலத்தையும் தொடர்ந்து முடிக்க இயலும்.

அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகியபின் வாசல் கதவடிக்குச் சுருங்கியது. பெரிய கோலமிடக் கற்றவர்க்கு அதை இடுவதற்கான இடம் அரிதாயிற்று.

மாடவீதியில் கோலப்போட்டி

இவ்விடக்குறையின் பின்னணியில் மயிலாப்பூர் விழாவை நோக்கலாம். மயிலாப்பூர் டைம்ஸ் என்னும் வட்டார இதழின் ஆசிரியர் வின்சென்ட் டிசூசா ஒருங்கிணைக்கும் இவ்விழா, சுந்தரம் ஃபைனான்ஸ் நிறுவனத்தின் ஆதரவுடன் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய பகுதிகளில் சனவரி மாதம், பொங்கலையொட்டி நடைபெறுகிறது. வடக்கு மாடவீதியில் நிகழும் கோலப்போட்டி இதன் முதன்மை நிகழ்வுகளுள் ஒன்று. பங்கேற்போர்க்கு வீதியிலேயே தனித்தனி இடம் ஒதுக்கப்படுகிறது. பெண்களுடன் ஆண்களும் சிறுவர்களும் கலந்துகொள்கின்றனர். வாகனங்கள் செல்லும் தரையில் அறிமுகமற்றோர் அருகருகே குனிந்து கோலமிடுகின்றனர். பார்ப்போர் சுற்றி நின்று வடிவங்களைக் கற்கின்றனர். வீட்டில் தாயிடமோ பாட்டியிடமோ கற்ற திறன் இங்குப் பொதுமதிப்பைப் பெறுகிறது. அதே வேளையில் இடம், கால அளவு, தகுதி ஆகியவற்றை அமைப்பாளரே வரையறுக்கின்றனர். அவ்வரையறைக்குள் நிகழ்வதால் வீதி சில மணிநேரம் கலைக்கு விடப்படுவதை எவரும் மறுப்பதில்லை.

பெசன்ட் நகரில் எதிர்ப்புக் கோலம்

2019 திசம்பர் 29 அன்று, மார்கழி மாதத்தில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்திற்கு எதிரான முழக்கங்களைப் பெசன்ட் நகர் வீதிகளில் சிலர் கோலத்துடன் எழுதினர். அனுமதியின்றிக் கூடியதாகக் கூறிக் காவல்துறை அவர்களைத் தடுத்துவைத்துப் பின்னர் விடுவித்தது. மறுநாள் திராவிட முன்னேற்றக் கழகத் தலைவர்களின் இல்லங்களில் அதே முழக்கங்களுடன் கோலங்கள் இடப்பட்டன. தமிழகத்தின் பிற ஊர்களிலும் பலர் தம் வாசலிலேயே அவ்வாறு வரைந்தனர். வீதியில் தடுக்கப்பட்ட கோலம் வாசலுக்குத் திரும்பி, வீட்டாரின் வழக்குரிமையைத் துணையாகக் கொண்டு பரவியது என இதனை விளக்கலாம். கோலமிட எளிய பொருள் போதும், கற்றவர் பலர், அழிந்தாலும் மறுநாள் இடலாம் என்னும் மரபுப் பண்புகளே அப்பரவலுக்கு உதவின.

ஒப்பீடு

இரு நிகழ்வுகளிலும் ஊடகமும் மாதமும் ஒன்றே. இரண்டும் தென்சென்னையின் அண்மைப் பகுதிகளில் நிகழ்ந்தவை. வேறுபாடு உள்ளடக்கத்திலும் இசைவிலும் உள்ளது. போட்டிக் கோலம் இசைவு பெற்ற வெளியில் மக்களை ஒன்றுசேர்த்தது; எதிர்ப்புக் கோலம் அவ்வெளி எவருடையது என்னும் வினாவை எழுப்பியது. கோலம் எல்லார்க்கும் பொதுவானது எனக் கொள்வதிலும் எச்சரிக்கை தேவை. மாடவீதி போன்ற கோயில்சார் வெளிகள் சாதிவழி வரலாறு உடையவை. இசைக்கலைஞர் டி.எம். கிருஷ்ணா உள்ளிட்டோர் 2015 முதல் முன்னெடுத்த ஊரூர் ஆல்காட் குப்பம் விழா, சபாக் கலைகளை மீனவர் குடியிருப்புக்குக் கொண்டுசென்று, பறையாட்டம் முதலியவற்றுடன் ஒரே மேடையில் அமைத்தது. கலை எந்தத் திசையில் நகர்கிறது என்பதும் ஆராயத்தக்கது என்பதை இவ்விழா உணர்த்துகிறது.

முடிவுரை

கோலத்தின் தற்காலிகத்தன்மை, நிலையான சிற்பத்திற்கோ சுவரோவியத்திற்கோ தேவைப்படும் பெருஞ்செலவின்றிப் பலரும் பங்கேற்க வழிசெய்கிறது. ஆனால் அழியக்கூடியது என்பதனால் மட்டும் அது பொதுவெளியில் தடையின்றி ஏற்கப்படுவதில்லை. ஆகவே சென்னையின் பங்கேற்புக் கலைகளை ஆராய்வோர், எத்தனை பேர் கூடினர் என்பதுடன், இசைவு எவரிடம் பெறப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது என்பனவற்றையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. கோலம் மறுநாள் எஞ்சாது. அப்பதிவே அதனைப் பற்றிய ஆய்வுக்குச் சான்றாக நிற்கும்.