ஓவியர்கள் கூடி அமைத்த கிராமம்

கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவன தறியும் நூலும், விதையும் உரமும், பாலும் பயிர்க்கடனும் ஆகும். ஓவியமும் சிற்பமும் நினைவுக்கு வருவதில்லை. ஓவியன் தனித்திருந்து படைப்பவன். ஒருவன் தீட்டிய படத்தில் மற்றொருவனுக்குப் பங்கு ஏது என்று கேட்போரும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும், சென்னையிலிருந்து திருவான்மியூரைக் கடந்து மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில், 1966-ஆம் ஆண்டில் ஓவியர்களும் சிற்பிகளுமாக முப்பது பேருக்கு மேற்பட்டோர் ஒன்றுசேர்ந்து, ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கித் தங்களுக்கென ஓர் ஊரையே அமைத்துக்கொண்டனர். சோழமண்டலம் ஓவியர் கிராமம் என்பது அதன் பெயர். நிலம் வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது என்பதே நம் அங்கத்தினர்கள் அறிய வேண்டிய செய்தி. அது துணியில் மெழுகிட்டுச் சாயம் ஏற்றி விற்றதால் சேர்ந்த பணமாகும்.

இவர்களில் பெரும்பாலோர் சென்னை ஓவியப் பள்ளியின் மாணவர்களும் ஆசிரியர்களும் ஆவர். அப்பள்ளி பழமையானது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் 1850-இல் அதனைத் தம் முயற்சியில் தொடங்கினார். பின்னர் அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்னும் பெயரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இயங்குவது அதுவே. தொடக்கத்தில் அது முழுவதும் தொழிற்பள்ளியாகவே இருந்தது. மண்பாண்டம், மரவேலை, உலோக வேலை, செதுக்கு வேலை ஆகியவையே பாடங்கள். நம் வீட்டு அடுப்புகளில் அலுமினியப் பாத்திரம் ஏறியதற்கும் இப்பள்ளிக்கும் தொடர்பு உண்டு. 1890-களின் இறுதியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்பவர் இங்கேதான் அத்தொழிலைச் சோதித்துப் பார்த்தார். கிணற்று நீரை எண்ணெய் இயந்திரம் கொண்டு இறைக்கும் முறையைத் தமிழகத்து உழவரிடையே பரப்பியவரும், கைத்தறியைச் சீர்திருத்தச் சேலத்தில் முயற்சி செய்தவரும் அவரே. ஓவியப் பள்ளி என்றால் ஏதோ நமக்குத் தொடர்பற்ற இடம் என்று எண்ணுவோருக்காக இதனைச் சொல்லி வைத்தேன்.

பிற்காலத்தில் தேவி பிரசாத் ராய் சௌத்ரி அதன் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்தபின், ஓவியமும் சிற்பமும் அங்கு முதலிடம் பெற்றன. மெரினா கடற்கரையில் பாறையைப் பெயர்க்கும் நான்கு உழைப்பாளர்களின் சிலையைப் பார்க்காதவர் குறைவு. அது அவருடைய கைவண்ணம். அவருக்குப்பின் 1957-இல் பொறுப்பேற்றவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், குடும்பத்தைக் காக்கும் பொருட்டு இளமையில் தந்தித் துறையிலும் ஆயுள் காப்பீட்டு முகவராகவும் பணியாற்றிவிட்டு, 1936-இல்தான் மாணவராக அப்பள்ளியில் சேர்ந்தார். ஆகவே வயிற்றுப்பாட்டுக்கும் கலைக்கும் இடையே அகப்பட்டுத் தவிப்பது எத்தகையது என்பதைப் பிறர் சொல்லி அறிய வேண்டிய நிலையில் அவர் இல்லை.

அக்காலத்து மாணவர்களின் நிலைமையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் பயின்று வெளியே வந்தால் ஓவியத்தை வாங்குவார் இல்லை. சிலர் பள்ளிகளில் சித்திர ஆசிரியர் ஆயினர். சிலர் விளம்பர நிறுவனங்களுக்கும், சினிமாத் தட்டிகள் எழுதும் கூடங்களுக்கும் சென்றனர். வேலை கிடைத்தவன் தன் ஓவியத்தை மறந்தான். கிடைக்காதவன் ஊருக்குத் திரும்பினான். பள்ளியில் நன்றாக வரைந்தவன் என்று பெயர் பெற்றவன், நான்கு ஆண்டு கழித்துத் தூரிகையைத் தொடுவதே இல்லை என்ற செய்தி வந்துகொண்டே இருந்தது. 1944-இல் பணிக்கர் தோற்றுவித்த முற்போக்கு ஓவியர் சங்கம் கண்காட்சிகள் நடத்தியது. அச்சங்கத்தின் வழியாக 1961 முதல் ‘ஆர்ட் டிரெண்ட்ஸ்’ என்னும் சிறு பத்திரிகையும் வெளிவந்தது. ஒருவர் செய்ததை மற்றவர் காணவும், எழுதவும், வாதிக்கவும் இவை உதவின. ஆனால் கண்காட்சியும் பத்திரிகையும் அடுப்பில் உலை ஏற்றா.

ஆகவே கைத்தொழில் ஒன்றைச் சேர்ந்து செய்து அதன் வருவாயால் ஓவியத்தைக் காப்பாற்றுவது என்ற யோசனை பிறந்தது. 1960-களின் முற்பகுதியில் ஓவியர் கைவினைச் சங்கம் அமைந்தது. பள்ளி நேரம் முடிந்தபின் மாணவரும் ஆசிரியரும் கூடி, பாத்திக் என்னும் மெழுகுச் சாய வேலையில் ஈடுபட்டனர்.

பாத்திக் நம் நெசவாள அன்பர்கள் பலருக்குத் தெரிந்திருக்கலாம். தெரியாதவர்க்காகச் சிறிது விளக்குவேன். கஞ்சி முற்றும் நீங்கத் துவைத்த பருத்தித் துணியில், எந்த இடத்தில் சாயம் பிடிக்கக் கூடாதோ அந்த இடத்தில் உருகிய மெழுகைத் தூரிகையாலோ சிறு குழாய்க் கருவியாலோ இடுவர். பிறகு துணியைச் சாயத்தொட்டியில் தோய்த்தால், மெழுகு உள்ள இடம் வெள்ளையாகவே நிற்கும். அடுத்து, முதற்சாயம் எங்கெங்கே நிலைக்க வேண்டுமோ அங்கே மெழுகிட்டு, அதனினும் அழுத்தமான சாயத்தில் தோய்ப்பர். இவ்வாறு வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்தில் முடிப்பது முறை. கடைசியில் கொதிநீரில் இட்டு மெழுகை எடுத்துவிடுவர். சாயம் குளிர்ந்த நீரிலேயே பிடிக்கும் வகையாக இருத்தல் வேண்டும். சூடான தொட்டியில் மெழுகு உருகி வேலையே கெட்டுவிடும். மெழுகு போதிய சூடில்லாமல் இருந்தால் துணியின் மேலோடு நின்றுவிடும். அடிப்புறமாகச் சாயம் புகுந்து கோட்டைக் கலைத்துவிடும். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பாரபின் மெழுகோ எளிதில் விரிசல் விடும். இரண்டையும் எந்த அளவில் கலப்பது என்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. ஏனெனில் அவ்விரிசல்களின் வழியே சாயம் கசிந்து உண்டாகும் நரம்பு போன்ற மெல்லிய கோடுகளே பாத்திக்கின் அழகு. ஒரு துணியில் விழுந்த கோடு மறு துணியில் அப்படியே விழாது.

சாவகத் தீவில் இக்கலை மிகவும் வளர்ந்தது. தாகூர் 1927-இல் அத்தீவுக்குச் சென்று வந்ததன் பயனாகச் சாந்திநிகேதனிலும் அது இடம் பெற்றது. ஆனால் மெழுகால் சாயத்தைத் தடுக்கும் வித்தை நம் கரைக்குப் புதியது அன்று. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் இக்கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்கும் கீழை நாடுகளுக்கும் கப்பலேறிய சித்திரத் துணிகளில், அவுரி நீலம் ஏறக் கூடாத இடங்களை மெழுகு பூசியே காத்தனர். சோழமண்டலம் என்ற பெயரைத்தான் அவ்வணிகர் ‘கோரமண்டல்’ என்று உச்சரித்தனர். ஓவியர்கள் தங்கள் ஊருக்கு இட்ட பெயர் பொருத்தமானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓவியம் பயின்ற கைகள் இட்ட மெழுகு ஆதலால், அத்துணிகள் சந்தையில் கிடைத்த மற்றவற்றினும் வேறுபட்டு விளங்கின. படத்தை வாங்கத் தயங்கியவர்கள் துணியைத் தயங்காமல் வாங்கினர். நாம் கவனிக்க வேண்டியது அடுத்த கட்டம். கைக்கு வந்த பணத்தை அவ்வப்போதே பிரித்துக்கொண்டு போயிருக்கலாம். அன்றைய நிலையில் ஒவ்வொருவருக்கும் அது தேவையாகவே இருந்திருக்கும். அவ்வாறு செய்யாமல் பொதுவில் சேர்த்து, நிலம் வாங்கும் முதலாக ஆக்கினர். நம் சங்கங்களின் பொதுக்குழுவில் உபரியைப் பிரிப்பதா, ஒதுக்கு நிதியில் வைப்பதா என்று ஆண்டுதோறும் எழும் விவாதத்தை நன்கு அறிந்தவன் என்ற முறையில், அம்முடிவுக்கு எவ்வளவு மனத்திடம் வேண்டியிருக்கும் என்று வியக்கிறேன்.

வாங்கிய இடம் அன்று சவுக்குத் தோப்பும் மணலுமாக இருந்தது. மின்சாரம் கிடையாது. முதலில் எழுந்தவை எளிய கொட்டகைகளே. பின்னர் வேலைக்கூடமும், படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் கூடமும், வெளியூர்க் கலைஞர் தங்கும் விடுதியும், ‘பாரதி’ என்னும் திறந்தவெளி அரங்கும் ஒவ்வொன்றாக அமைந்தன. பாத்திக்குடன் தோல் வேலை, உலோக வேலை முதலியனவும் சேர்ந்தன. நாளில் ஒரு பகுதி கைத்தொழிலுக்கு. எஞ்சியது அவரவர் ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். தொழிலில் கூட்டு, படைப்பில் தனிமை என்னும் இந்த ஏற்பாடு எளிதாகச் சொல்லிவிடக் கூடியது, நடத்துவது எளிதன்று. பக்கத்துக் கொட்டகையில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று நாள்தோறும் காணும் இடத்தில், ஒருவனைப்போல் மற்றவன் செய்துவிடும் ஆபத்து உண்டு. அங்கே அப்படி நிகழவில்லை என்பதற்கு அவர்களுடைய படைப்புகளே சான்று. பணிக்கர் 1963 முதல் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையில் ஜாதகக் கட்டங்களையும் கணிதக் குறிகளையும் எழுத்துகளையும் ஒத்த வடிவங்களைக் கொண்டு படங்கள் தீட்டினார். ஜே. சுல்தான் அலி பழங்குடி மக்களின் கலையிலிருந்து உருவங்களை எடுத்தாண்டார். பணிக்கரின் மகனாகிய எஸ். நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துக் கோயில் வாகனங்களை நினைவூட்டும் சிற்பங்கள் செய்தார். ஒருவருடையதை மற்றவருடையதாகக் கருத இடமே இல்லை.

இவர்களுள் கே. ராமானுஜம் என்பவரைப் பற்றித் தனியே கூறல் வேண்டும். பேச்சிலும் பழக்கத்திலும் மற்றவரோடு எளிதில் ஒட்ட இயலாத இளைஞர் அவர். வெளியுலகில் ஓர் அலுவலகத்திலோ கடையிலோ அவரை வேலைக்கு வைத்துக்கொள்ள எவரும் முன்வந்திருப்பாரா என்பது சந்தேகம். அவருடைய திறமையைக் கண்டுகொண்டவர் பணிக்கர். கிராமத்தில் தங்கி, கறுப்பு மையால் அவர் வரைந்த மாட மாளிகைகளும், விசித்திர விலங்குகளும், தொப்பி அணிந்து அவற்றினிடையே உலவும் அவருடைய சொந்த உருவமும், இன்று இந்திய ஓவிய வரலாற்றில் இடம் பெற்றுள்ளன. சென்னைக் கன்னிமாரா ஓட்டலுக்கும் அவர் பெரிய ஓவியங்கள் வரைந்தார். 1973-இல் இளம் வயதிலேயே மறைந்துவிட்டார். தனிமைத் துயரத்தைக் கிராமத்தாலும் முற்றிலும் நீக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சில ஆண்டுகளும் அவருக்கு வேறெங்கும் கிடைத்திரா.

ஓவியர்கள் துணியை நாடிச் சென்றது போலவே, துணியும் ஓவியரை நாடிச் சென்றது. 1956 முதல் அகில இந்தியக் கைத்தறி வாரியம், நெசவாளர் சேவை மையங்களை நிறுவி அவற்றில் ஓவியர்களைப் பணியில் அமர்த்தியது. இதே பள்ளியில் பயின்ற எம். ரெட்டப்ப நாயுடுவும், துறையூர்ப் பக்கத்துக் கீரம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலமும் சென்னை மையத்தில் பணியாற்றியவர்கள். காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-இல் அவரைக் கோட்டோவியங்களாக வரைந்து புகழ் பெற்ற அதே ஆதிமூலம்தான் இவர். ஓவியன் தாளில் இழுத்த வளைகோடு தறிக்கு வரும்போது பாவிழை இத்தனை, ஊடை இத்தனை என்று கட்டத் தாளில் எண்ணிக்கையாக மாற வேண்டும். எந்த இடத்தில் வளைவு படிப்படியாக உடையும், எந்த இடத்தில் ஓர் இழை கூட்டினால் சரியாகும் என்பதை நெசவாளிதான் சொல்ல முடியும். இதனை மாதிரி வரைவோர் நெசவாளியிடம் கற்றதும் உண்டு. ஆனால் நம் பகுதிகளில் மாதிரித் தாள் தபாலில் வந்து சேர்வதும், வரைந்தவர் யார் என்றே தெரியாமல் நெய்து முடிப்பதும்தான் மிகுதி. இருவரும் ஒரு தறியின் அருகில் ஒரு வாரமேனும் கூடியிருக்க வழி செய்தால் நல்ல பயன் விளையும் என்பது என் அபிப்பிராயம்.

சோழமண்டலத்திலும் குறைகள் இல்லாமல் இல்லை. தொடக்கத்தில் சேர்ந்தவர் அனைவரும் நிலைத்துத் தங்கவில்லை. வி. விசுவநாதன் 1968-இல் பாரிசு நகர் சென்று அங்கேயே குடியேறினார். வேறு சிலரும் பிற ஊர்களுக்குச் சென்றனர். ஓவியங்களுக்கு விலை கிடைக்கத் தொடங்கியபின், கைத்தொழில் முன்போல் இன்றியமையாததாக இல்லை. எந்த வேலை அவர்களை ஒன்றுசேர்த்ததோ அதன் தேவை குறைந்தபோது, மாலைதோறும் ஒரே கூடத்தில் கூடும் அவசியமும் குறைவது இயல்பே. சவுக்குத் தோப்பாக இருந்த பக்கம் பெருநகரின் பகுதியாகி, மணலுக்குக் கேட்பாரற்றிருந்த நிலை மாறி, அச்சாலையில் நிலத்தின் விலை எங்கோ ஏறிவிட்டது. அத்தகைய இடத்தில் ஓவியர்களின் வீடுகளும் பொதுக் கூடங்களும் இன்றும் நிற்பதே சிறிய செயல் அன்று.

பணிக்கர் 1977-இலும், சுல்தான் அலி 1990-இலும் காலமாயினர். நெடுங்காலம் கிராமத்தின் செயலாளராக இருந்த நந்தகோபால் 2017-இல் மறைந்தார். அதற்கு முன்பே, 2009-இல், தம் தலைமுறையினரின் படைப்புகளை ஒருசேரக் காணும்படி அங்கே ஓர் அருங்காட்சியகம் திறக்கப்படுவதற்கு அவர் பெரிதும் உழைத்தார். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலாச் செல்லும் நம் அங்கத்தினர்கள் வழியில் ஒரு மணி நேரம் அங்கே இறங்கலாம். மரத்தடியில் நிற்கும் கல் சிற்பங்களையும் உலோகச் சிற்பங்களையும் பார்த்துவிட்டு உள்ளே சென்றால், பணிக்கரின் படங்களையும் அவருடைய மாணவர்களின் படங்களையும் ஒரே கூரையின்கீழ்க் காணலாம்.