ஹாஃப்-லைஃப் 2: திருடு போன நிரலும் 413 நாட்களும்

அக்கா பையன் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கிறான். போன மாசம் வீட்டுக்கு வந்தப்ப ஜிடிஏ 6 பற்றி ஒரே புலம்பல். முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26 என்றார்கள், அப்புறம் 2026 நவம்பர் 19. "எல்லாம் அந்த லீக்கால தான் மாமா. 2022-ல உள்ள புகுந்து வீடியோவெல்லாம் திருடிட்டானுங்கல்ல, அதான் லேட்டு" என்றான்.

2022 செப்டம்பரில் திருட்டு நடந்தது உண்மைதான். ஆனால் நீண்ட காலப் பாதிப்பு இருக்காது என்றுதான் ராக்ஸ்டார் அப்போது அறிவித்தது. பின்னால் தேதியைத் தள்ளிப் போட்டபோதும், மெருகேற்ற இன்னும் நேரம் வேணும் என்றுதான் சொன்னார்களே தவிர, திருட்டைக் காட்டவில்லை. இதை அவனிடம் சொன்னேன். அவன் நம்பலை. "கோட் போச்சுன்னா முதல்லேருந்து எழுதணுமே மாமா?" என்றான்.

இந்தக் கேள்வி என்னை 2003-க்குக் கொண்டுபோய் விட்டது. அந்த வருஷம் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. அப்போது நானும் இவனை மாதிரியேதான் நம்பினேன்.

என்ன நடந்தது?

வால்வ் நிறுவனத்தை 1996-ல் தொடங்கியவர்கள் இரண்டு பேர்: கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன். இருவரும் மைக்ரோசாஃப்டிலிருந்து வெளியே வந்தவர்கள். இவர்களுடைய முதல் கேம் ஹாஃப்-லைஃப், 1998 நவம்பரில் வந்தது. சுட்டுத் தள்ளுகிற கேம்களில் கதையைச் சொல்லும் விதத்தையே மாற்றிய கேம் அது. அதற்கப்புறம் நாலரை வருஷம், இரண்டாம் பாகம் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. 2003 மே மாதம் லாஸ் ஏஞ்சலீஸில் நடந்த இ3 கண்காட்சியில் திடீரென்று காட்டினார்கள். மரப்பலகை தண்ணீரில் மிதந்தது, பீப்பாய் உருண்டது, பாத்திரங்களின் முகத்தில் உணர்ச்சி தெரிந்தது. கூடவே தேதியும் சொன்னார்கள்: 2003 செப்டம்பர் 30.

தேதியை நம்பி மற்றவர்களும் களத்தில் இறங்கினார்கள். ஏடிஐ நிறுவனம் தன் ரேடியான் 9800 எக்ஸ்டி கார்டின் பெட்டிக்குள் ஹாஃப்-லைஃப் 2 கூப்பனை வைத்தே விற்றது. கார்டு வந்துவிட்டது, கேமைக் காணோம்! செப்டம்பர் 30-க்குச் சில நாட்கள் முன்னால்தான், சொன்ன தேதியில் வராது, விடுமுறைக் காலத்துக்குள் முடிக்கப் பார்க்கிறோம் என்று வால்வ் வாய் திறந்தது. ரசிகர்களுக்குக் கடுப்பு.

அக்டோபர் 2 அன்று ஹாஃப்-லைஃப் 2-ன் சோர்ஸ் கோட் இணையத்தில் கிடந்தது.

நியூவெல் மறைக்கவில்லை. ரசிகர்களுக்குப் பகிரங்கமாகவே எழுதினார். செப்டம்பர் 11 வாக்கில் யாரோ என் மின்னஞ்சலைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், என் கம்ப்யூட்டர் விநோதமாக நடந்துகொண்டது, செப்டம்பர் 19 வாக்கில் மொத்த நிரலும் பிரதி எடுக்கப்பட்டிருக்கிறது, எங்கள் கணினிகளில் தட்டச்சு செய்வதைப் பதிவு செய்யும் மென்பொருள் இருந்தது என்று விவரம் கொடுத்து, கண்டுபிடிக்க உதவுங்கள் என்று கேட்டார். அவுட்லுக்கில் இருந்த ஓட்டை வழியாகத்தான் வந்திருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். மைக்ரோசாஃப்டில் 13 வருஷம் வேலை பார்த்தவர் அவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.

சில நாட்களில் ஓட்டிப் பார்க்கக்கூடிய, பாதி வெந்த கேமும் வெளியே வந்தது. கேமை விநியோகிக்கவிருந்த விவெண்டி, திருட்டைக் காரணம் காட்டி 2004 ஏப்ரல் என்றது. ஏப்ரலும் போனது. கடைசியில் கேம் வந்தது 2004 நவம்பர் 16. முதலில் சொன்ன தேதியிலிருந்து 413 நாட்கள்.

சோர்ஸ் கோட் போனால் என்ன போகிறது?

மென்பொருள் துறையில் இல்லாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடறேன். நாம் காசு கொடுத்து வாங்குவது இயந்திர மொழிக்கு மாற்றிய கோப்பு. அதில் வெறும் எண்கள். நிரலாளர் எழுதியது அது இல்லை. அவர் எழுதிய மூலத்தில் ஒவ்வொரு செயலுக்கும் பெயர் இருக்கும், ஏன் இப்படி எழுதினேன் என்ற குறிப்பு இருக்கும், "இதை அப்புறம் சரி பண்ணணும்" என்கிற ஒப்புதல் வாக்குமூலமும் இருக்கும். முதலாவது, இருட்டு அறையில் கையால் தடவிப் பார்ப்பது மாதிரி. இரண்டாவது, லைட்டைப் போட்டுவிட்டுப் பார்ப்பது.

இப்போ அக்கா பையன் கேள்விக்கு வருவோம். நிரல் திருடு போனால் உரிமையாளரிடம் இல்லாமல் போய்விடாது. சைக்கிள் திருட்டு வேற, இது வேற. வால்விடம் இருந்த நிரல் அங்கேயேதான் இருந்தது. முதலிலிருந்து எழுத வேண்டிய அவசியம் இல்லை.

அப்படியானால் நஷ்டமே இல்லையா? இருக்கிறது, மூன்று இடங்களில்.

ஒன்று, மோசடி ஆட்டம். பலர் சேர்ந்து இணையத்தில் விளையாடும் கேமில் சர்வர் என்னென்ன சரிபார்க்கிறது, எதைச் சரிபார்க்காமல் நம்பிவிடுகிறது என்பது நிரலில் அப்பட்டமாகத் தெரியும். சுவருக்குப் பின்னால் இருப்பவனைப் பார்ப்பது, குறி தானாகத் தலைக்குப் போவது போன்ற ஏமாற்று வேலைகளை எழுத இதைவிட வசதி கிடையாது. அதனால் அந்தப் பகுதிகளை மட்டும் மறுபடி உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இரண்டு, அடுத்தவர் பொருள். பெரிய கேமில் எல்லாமே சொந்த நிரல் இல்லை. ஹாஃப்-லைஃப் 2-ல் பொருட்கள் விழுவதும் மிதப்பதும் ஹேவோக் என்ற இன்னொரு நிறுவனத்தின் இயற்பியல் நிரலை அடிப்படையாகக் கொண்டவை. உரிமம் வாங்கி வைத்திருப்பவர், தன் வீட்டுக் கதவு திறந்து கிடந்ததற்கு உரிமையாளரிடம் பதில் சொல்ல வேண்டும்.

மூன்றாவதுதான் ரொம்ப வலிக்கும் என்பேன். திருடன் எடுத்தது மட்டும்தானா, எதையாவது வைத்துவிட்டும் போனானா? நிரலின் உள்ளே ஒரு வரி சேர்த்திருந்தால், அது லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போய்ச் சேரும். அதனால் ஒவ்வொரு கணினியையும் துடைத்து மறுபடி நிறுவ வேண்டும், எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும், பழைய பிரதியோடு இன்றைய நிரலை ஒப்பிட வேண்டும். இந்த வேலையில் புதுசாக ஒரு வரி கேமும் முன்னேறாது. எந்த நிறுவனத்துக்கு இது நடந்தாலும் சில வாரங்கள் காலி. தன் உழைப்பு பாதியில் கடைத்தெருவுக்கு வந்துவிட்டதே என்ற மனச்சோர்வு இதில் சேர்த்தி இல்லை.

2021 பிப்ரவரியில் சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தின் கணினிகளைத் தாக்கி நிரலைத் திருடினார்கள். சைபர்பங்க் 2077-க்கு வரவேண்டிய 1.2 திருத்தம் அந்த மாதமே வந்திருக்க வேண்டியது. தாக்குதலையும் வேலையின் அளவையும் காரணம் சொல்லித் தள்ளிப் போட்டார்கள். மார்ச் 29 அன்று வந்துவிட்டது. ஆக, திருட்டால் வாரங்கள் போகும் என்பது நியாயமான கணக்கு. 413 நாட்கள்?

திருட்டு காட்டிக் கொடுத்தது

இணையத்தில் கிடைத்த அந்த அரைவேக்காட்டு கேமை ஓட்டியவர்கள் பார்த்தது நிரலை அல்ல, நிலைமையை. பல இடங்கள் காலியாக இருந்தன. இ3-ல் பார்த்து வாயைப் பிளந்த காட்சிகள் அங்கங்கே தனித்தனியாக இருந்தன. அவற்றைக் கோர்க்கும் கேம் இல்லை. பொரியாலிஸ் என்ற பனி உடைக்கும் கப்பல், ஹைட்ரா என்ற உயிரி என்று பெரிதாகத் திட்டமிட்ட பலவும் கடைசி வடிவத்தில் இல்லவே இல்லை. கதையின் போக்கையே தீர்மானித்து முடிக்காத கேம், இரண்டு வாரத்தில் கடைக்கு வந்திருக்க முடியுமா?

நியாயமாக ஒரு ஆட்சேபம் எழும். பிரதி எடுத்தது செப்டம்பர் 19, தள்ளிப் போட்ட அறிவிப்பு அதற்குப் பிறகுதானே? ஆமாம். ஆனால் நிரல் வெளியாகி ஊரே பேசத் தொடங்கியது அக்டோபர் 2. தேதி கைவிட்டுப் போனது அதற்கு முன்னாலேயே. என் முடிவு இது: திருட்டு இந்த கேமைச் சில வாரங்களோ ஒன்றிரண்டு மாதங்களோ தாமதப்படுத்தியிருக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேலான தாமதம் கேமுக்கு உள்ளேயே இருந்தது. திருட்டு அதை ஊருக்குக் காட்டியது. அதே நேரத்தில், அதற்கு ஒரு காரணத்தையும் இனாமாகக் கொடுத்தது.

திருடன் யார்?

ஜெர்மனியின் பிளாக் ஃபாரஸ்ட் பக்கத்து இளைஞன். ஹாஃப்-லைஃபின் தீவிர ரசிகன். 2004 பிப்ரவரியில் அவனே நியூவெலுக்கு மின்னஞ்சல் அனுப்பி, உள்ளே புகுந்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டான். கூடவே வால்வில் வேலை கிடைக்குமா என்றும் கேட்டான்! வால்வ் சரி என்பது போல நடித்து, தொலைபேசியில் நேர்காணலும் நடத்தியது. அமெரிக்காவுக்கு வரவழைத்து எஃப்பிஐ கையில் ஒப்படைப்பது திட்டம். அதற்குள் 2004 மே 7 அன்று ஜெர்மன் போலீஸ் அவனை வீட்டிலேயே கைது செய்தது. 2006-ல் நீதிமன்றம் சிறைக்கு அனுப்பாமல் இரண்டு வருட நன்னடத்தைக் காலம் விதித்தது. இணையத்தில் வெளியிட்டது நான் இல்லை, நான் கொடுத்த இன்னொருவர் என்பது அவன் தரப்பு.

எனக்கு ரொம்ப சுவாரசியமாக இருந்தது, உள்ளே போன விதம் பற்றி அவன் 2011-ல் ஒரு பேட்டியில் சொன்னது. அவுட்லுக் ஓட்டையெல்லாம் இல்லையாம். வால்வின் வலையமைப்போடு இணைந்திருந்த வேறொரு சிறு நிறுவனத்தின் சர்வர் வழியாக நுழைந்திருக்கிறான். உள்ளே போனால், வால்வின் முக்கிய சர்வரில் 'பில்டு' என்று ஒரு கணக்கு. அதற்குக் கடவுச்சொல்லே கிடையாது. அங்கிருந்து மற்றவர்களின் கடவுச்சொற்கள், அங்கிருந்து எல்லாம்.

'பில்டு' என்று ஏன் ஒரு கணக்கு? ராத்திரி ராத்திரி நிரலைத் திரட்டி ஓடக்கூடிய கோப்பாக மாற்றும் வேலையைத் தானியங்கி செய்யும். அதற்கு மனிதன் மாதிரி ஒரு கணக்கு வேண்டும். அந்தக் கணக்கு யாருடையதும் இல்லை, அதனால் யாரும் கவனிப்பதில்லை. கடவுச்சொல் வைத்தால் எங்கேயாவது எழுதி வைக்கணும், மாற்றினால் ராத்திரி வேலை நின்றுபோகும். விட்டுவிடுவார்கள். நான் பார்த்த இரண்டு கம்பெனிகளில் இதே பெயரில் கணக்கு இருந்தது. ஒன்றில் பெயரேதான் கடவுச்சொல்.

என் கணக்கு

இதை எழுத உட்கார்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு கம்பெனியில் டீம் லீடாக இருந்தேன். டெலிவரி தேதிக்கு நாலு வாரம் தாமதம் என்று எங்களுக்குள் எல்லோருக்கும் தெரியும், கிளையண்டுக்கு மட்டும் தெரியாது. அந்த வாரம் பார்த்து, புதுசாகச் சேர்ந்த ஒரு பையனின் பென்டிரைவிலிருந்து சர்வருக்கு வைரஸ் வந்தது. சரி செய்ய மூன்று நாள் ஆனது. கிளையண்டுக்கு மெயில் போனது: பாதுகாப்புப் பிரச்சினை காரணமாக ஐந்து வாரம் தள்ளிப் போகிறது. மெயிலை எழுதியது நான். படித்துப் பார்த்தால் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. வைரஸ் வந்தது உண்மை, தாமதமும் உண்மை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அலுவலகத்தில் அந்தப் பையன் "ஐந்து வாரத்தைத் தின்னவன்" ஆகிப்போனான். அவன் தின்றது மூன்று நாள். மிச்சம் எங்களுடையது. நான் எங்கேயும் திருத்திச் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் அவன் வேலையை விட்டுப் போனான்.

அதனாலோ என்னவோ, "லீக்கால தான் லேட்டு" என்று யாராவது சொன்னால் நான் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். எப்போது வாக்குக் கொடுத்தார்கள், எப்போது கைவிட்டார்கள், எப்போது திருடு போனது, எப்போது வந்தது. அக்கா பையனுக்கும் ஒரு தாளில் அதைத்தான் எழுதிக் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்ப அந்த ஜெர்மன்காரன் மேல தப்பே இல்லையா மாமா?" என்றான்.

இருக்குடா. அவன் செய்தது குற்றம், தண்டனையும் வாங்கினான். ஆனா 413 நாளையும் அவன் தலையில கட்ட முடியாது என்றேன்.