நிலத்தின் பெயரும் நீரின் வழியும்

நுழையும்முன்

ஒரு நகரத்தின் வெள்ளத்தையும் வறட்சியையும் வானம் மட்டுமே தீர்மானிப்பதில்லை. வருவாய்த்துறைப் பதிவேட்டிற்கும் நகர வரைபடத்திற்கும் அதில் பங்குண்டு. ஒரு நிலத்திற்கு அரசு ஏட்டில் என்ன பெயர் எழுதப்பட்டுள்ளது என்பதைப் பொறுத்தே அங்கு நீர் தங்குவதும் கட்டடம் எழுவதும் அமைகின்றன. சென்னையின் தென்பகுதியிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் வழியாக இவ்வுண்மையை இப்பாடம் விளக்குகிறது.

பெயரில் எஞ்சிய ஏரிகள்

சென்னையின் ஊர்ப்பெயர்கள் பல நீரோடு தொடர்புடையவை. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் ஆகிய பெயர்களில் வரும் 'தாங்கல்' என்னும் சொல் சிற்றேரியைக் குறிக்கும். மேற்கு மாம்பலத்தில் 'ஏரி பார்த்த சாலை' என்னும் பொருள்படும் லேக் வியூ சாலை இன்றும் உள்ளது. பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. முகப்பேரில் ஒரு குடியிருப்புப் பகுதி 'ஏரித்திட்டம்' என்றே அழைக்கப்படுகிறது. மாம்பலத்தையும் நுங்கம்பாக்கத்தையும் ஒட்டி நீண்டு கிடந்த பெரிய ஏரியின் நிலத்தில்தான் 1920களில் தியாகராய நகர் உருவாகத் தொடங்கியது.

ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த வயல்கள் மனைகளாக மாறியபின், ஏரியின் பயனும் முடிந்துவிட்டதெனக் கருதப்பட்டது. ஆனால், பாசனம் ஏரியின் பணிகளுள் ஒன்று மட்டுமே. மழைநீரைத் தாங்கி நிறுத்துவதும் நிலத்தடிக்கு அனுப்புவதும் வயல்கள் மறைந்தபின்னும் தேவைப்படும் பணிகளாகும்.

சதுப்புநிலத்தின் பணி

தென்சென்னையின் ஏரிகள் தனித்தனியானவை அல்ல, சங்கிலிபோல் பிணைந்தவை. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் அதன் உபரிநீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகளைக் கடந்து பள்ளிக்கரணையை அடையும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து, கோவளம் முகத்துவாரத்தில் கடல் சேரும்.

இவ்வழியில் சதுப்புநிலம் ஓர் இடைத்தாங்கியாகச் செயல்படுகிறது. தார்ச்சாலையிலும் சிமெண்டுத் தளத்திலும் விழும் மழை நிலத்துள் இறங்க வழியின்றி விரைந்தோடும். அந்நீர் அனைத்தும் ஒரே நேரத்தில் ஒக்கியம் மடுவை அடைந்தால் அவ்வழி அதனைக் கொள்ளாது. சதுப்புநிலமோ நீரை ஆழமின்றி அகலப் பரப்பி, அதன் வேகத்தைக் குறைத்து, சிறிது சிறிதாக வெளியேற்றும். அவ்வாறு தங்கும் நீரின் ஒரு பகுதி நிலத்தடிக்கு இறங்கும். கூழைக்கடாக்களும் பூநாரைகளும் வந்து தங்குவதற்கும் இந்த ஆழமற்ற நீர்ப்பரப்பே காரணமாகும்.

'பயனற்ற நிலம்' என்னும் பிழை

பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் ஒருகாலத்தில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரப்பில் விரிந்திருந்ததாக மதிப்பிடப்படுகிறது. உழவுக்கும் குடியிருப்புக்கும் உதவாத நிலமாகக் கருதப்பட்டதால், அதன் பரப்பு பல திசைகளிலிருந்தும் சுருங்கியது. பெருங்குடியில் நகரத்தின் குப்பை கொட்டப்பட்டது. சாலைகளும், தொடர்வண்டிப் பாதையும், கல்வி நிறுவனங்களும், தகவல் தொழில்நுட்ப வளாகங்களும் எழுந்தன. எஞ்சியிருப்பது பழைய பரப்பின் ஒரு பகுதியே.

2015 டிசம்பரில் பெய்த பெருமழையில் சென்னை மூழ்கியது. 2019 கோடையில் அதே நகரின் குடிநீர் ஏரிகள் வறண்டன. நான்கே ஆண்டுகளில் நேர்ந்த இவ்விரு துன்பங்களுக்கும் பருவமழையின் மிகுதியும் குறைவும் காரணங்களாகும். எனினும், மிகுந்தபோது நீரைத் தாங்கவும் குறைந்தபோது கொடுக்கவும் உரிய இடங்கள் சுருங்கியிருந்தமை துன்பத்தைப் பெருக்கியது.

விதிகள் கூறுவன

நகரின் எப்பகுதியை எதற்குப் பயன்படுத்தலாம் என வரையறுக்கும் அதிகாரத்தைத் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971 வழங்குகிறது. அதன்படி உருவாக்கப்பட்ட சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை, திறந்தவெளி என நிலத்தை அது வகைப்படுத்துகிறது. செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதியும் தென்கடற்கரையின் நிலத்தடிநீர்ச் செறிவூட்டல் பகுதியும் தனிக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டவை.

2007இல் பள்ளிக்கரணையின் 317 ஹெக்டேர் பரப்பு காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,248 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலம் என்னும் பன்னாட்டு ஏற்பைப் பெற்றது. 'பயனற்றது' என்று கருதப்பட்ட நிலம் 'பாதுகாக்கப்பட வேண்டியது' எனப் பெயர் மாறியது.

ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017 இத்தகைய இடங்களில் ஆக்கிரமிப்பையும் குப்பை கொட்டுவதையும் தூய்மை செய்யாத கழிவுநீரை விடுவதையும் தடைசெய்கின்றன. முந்தைய பத்தாண்டு வெள்ளமட்டத்தின் சராசரி எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலையான கட்டுமானம் கூடாது எனவும் அவை கூறுகின்றன. படகுத்துறைக்கு மட்டும் விலக்குண்டு. எல்லையைக் கோடைக்காலக் கரையிலிருந்து அளக்காமல் வெள்ளமட்டத்திலிருந்து அளப்பது இங்குக் கருதத்தக்கது. நீர் பின்வாங்கிய காலத்திலும் அது வந்து தங்கும் இடம் நீருக்கே உரியது என்பதே இதன் பொருள்.

தெரிந்து தெளிவோம்

ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் 1971 பிப்ரவரி 2 அன்று ஈரநிலங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியா 1982இல் இதில் இணைந்தது. ஆண்டுதோறும் பிப்ரவரி 2 உலக ஈரநில நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

விதிகளுக்கு இடையே

விதிகள் இருப்பதனால் மட்டும் நீர்நிலை காக்கப்படுவதில்லை. 2017ஆம் ஆண்டு விதிகளின் வரையறையில் ஆற்றுவழிகளும் நெல்வயல்களும் குடிநீருக்காகவும் பாசனத்திற்காகவும் மனிதர் அமைத்த நீர்நிலைகளும் அடங்கவில்லை. தமிழகத்து ஏரிகளில் பெரும்பாலானவை நம் முன்னோர் பாசனத்திற்கு வெட்டியவை. பொதுப்பணித்துறையின் பொறுப்பிலிருந்த ஏரிகளை அளந்து, எல்லை குறித்து, ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழ்நாடு அரசு 2007இல் தனிச்சட்டம் இயற்றியது. எனினும் ஏரிகளை இணைக்கும் கால்வாய் ஒன்று அடைபட்டாலும் சங்கிலி அறுந்துவிடும்.

விதி எவர்மீது பாய்கிறது என்பதும் எண்ணத்தக்கது. கூவம், அடையாறு ஆகியவற்றின் கரைகளில் குடிசையமைத்து வாழ்ந்த மக்களுள் பலர் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் குடியமர்த்தப்பட்டனர். அவ்விடங்களும் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலங்களே. அங்கும் மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்ந்தது. ஏழையை ஆற்றங்கரையிலிருந்து அகற்றும் விதி, அவரை மற்றொரு நீர்வழியில் கொண்டுவிடலாகாது. குடிசைக்கும் அடுக்குமாடிக்கும் அரசுக் கட்டடத்திற்கும் ஒரே அளவுகோல் பொருந்தும்போதுதான் விதி அறமாகிறது.

குடிமக்களின் பங்கு

ஒவ்வொரு புல எண்ணுக்கும் உரிய நிலத்தின் வகைப்பாட்டை ஊரின் 'அ' பதிவேட்டிலும், அதன் எல்லையைப் புலப்படத்திலும் காணலாம். ஒரு மனை வாங்குவோர் இவ்விரண்டையும் நகரத்தின் முழுமைத் திட்டத்தோடு ஒப்பிட்டால், அது முன்பு ஏரியாகவோ ஓடையாகவோ இருந்ததா என்பதைப் பெரும்பாலும் அறிந்துகொள்ள இயலும். நீர்நிலைகளைப் பாதுகாப்பது குடிமக்களின் அடிப்படைக் கடமை என்று அரசமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவும் வலியுறுத்துகிறது. தத்தம் ஊரின் பெயரிலும் தெருவின் பெயரிலும் மறைந்திருக்கும் நீர்நிலையை மாணவர்கள் கண்டறிவது அக்கடமையின் முதற்படியாகும். தாங்கல் என்று பெயரிட்ட முன்னோர் அந்நிலத்தின் பணியையே பெயராக வைத்தனர். அப்பணிக்கு உரிய இடத்தை வரைபடத்தில் மீண்டும் எழுதுவது இத்தலைமுறையின் பொறுப்பாகும்.