கிணற்றுப் பம்பியும் காற்றின் அமுக்கமும்

வேனிற் காலத்தில் கிணற்றின் நீர்மட்டம் தாழ்ந்ததும், அதுகாறும் நன்கு வேலை செய்த நீர்ப்பம்பி நீர் தராது வெறுமனே ஓடுவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். வெங்காயமும் மிளகாயும் வாடும் அவ்வேளையில், பம்பியின் வலு போதவில்லையென எண்ணி, கடன்பட்டேனும் கூடிய வலுவுள்ள இயந்திரமொன்றை வாங்குவோர் உளர். அதனாற் பயன் விளையாதிருத்தலுங் கூடும். இதன் காரணத்தை அறிந்துகொள்ளல் நன்று.

பம்பி நீரை இழுப்பதில்லை. நம்மைச் சூழ்ந்துள்ள காற்றுக்கும் நிறை உண்டு. கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் பரப்பின் மீதும் ஏறக்குறைய 1 கிலோகிராம் நிறை வைத்தாற்போலக் காற்று அமுக்குகின்றது. பம்பி சுழலும்போது உறிஞ்சு குழாயினுள் அமுக்கம் குறைகின்றது. அப்போது கிணற்று நீரின் மேலுள்ள காற்றின் அமுக்கமே நீரைக் குழாயினுள் மேலே தள்ளுகின்றது. ஆகவே, காற்று எவ்வளவு உயரத்துக்குத் தள்ளவல்லதோ அவ்வளவுக்கே நீர் ஏறும்.

அவ்வுயரம் 10.3 மீற்றர், அதாவது சுமார் 34 அடி ஆகும். உறிஞ்சு பம்பிகள் ஓர் எல்லைக்கு மேல் நீரை உயர்த்துவதில்லை என்பதை இத்தாலிய அறிஞர் கலிலியோ 1638 இல் வெளியான தம் நூலிற் குறித்தார். நீரினும் 13.6 மடங்கு அடர்த்தியுடைய இரசம் குழாயில் 76 சென்ரிமீற்றர் உயரமே நிற்பதைக் கொண்டு, அதனைத் தாங்குவது காற்றின் அமுக்கமே என்று தொரிசெல்லி என்பார் 1644 இல் விளக்கினார்.

நடைமுறையில் இவ்வெல்லையை எட்டவியலாது. குழாயின் உராய்வு, வளைவுகள், அடிவால்வு ஆகியவற்றால் அமுக்கத்தின் ஒரு பகுதி செலவாகின்றது. ஆதலால், தரையில் வைக்கும் சாதாரண பம்பிக்கு நீர்மட்டம் 6 அல்லது 7 மீற்றருக்குக் கீழே செல்லலாகாது. சுமார் 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவிற் காற்றின் அமுக்கம் குறைவாதலால், 10.3 மீற்றர் என்னும் எல்லையே ஏறக்குறைய 8 மீற்றராகச் சுருங்கும். இயந்திரத்தின் வலுவைக் கூட்டினால், பம்பியிலிருந்து அப்பால் நீர் செல்லும் உயரம் கூடலாம். கிணற்றிலிருந்து பம்பிவரை ஏறும் உயரத்தின் எல்லை மாறாது.

கமக்காரர் கவனிக்க வேண்டியவை:

1. இறைத்துக் கொண்டிருக்கும்போது நீர்மட்டம் மிகத் தாழும் வேளையில், அதற்கும் பம்பிக்கும் இடையிலுள்ள உயரத்தைக் கயிற்றால் அளந்து பார்க்கவும்.

2. உறிஞ்சு குழாய் பம்பியின் வாயிலும் ஒடுங்கியதாய் இருத்தலாகாது. விட்டம் பாதியானால், அதே அளவு நீர் நான்கு மடங்கு வேகத்தில் ஓடவேண்டும். உராய்வால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும்.

3. உறிஞ்சு குழாயின் பொருத்துகள் இறுக்கமாய் இருத்தல் வேண்டும். இங்குள்ள துவாரத்தால் நீர் வெளியே சொட்டாது. காற்றே உள்ளே புகும். எனவே ஒழுக்குக் கண்ணுக்குத் தெரியாது.

4. அடிவால்வு குப்பையின்றி, எப்போதும் நீரில் அமிழ்ந்திருக்க வேண்டும். ஓட்டுமுன் குழாயையும் பம்பியையும் நீரால் நிரப்புக.

நீர்மட்டம் எல்லையைக் கடந்துவிடின், நீரினுள் அமிழ்ந்து நின்று கீழிருந்து மேலே தள்ளும் மின் பம்பியே தக்கது. அதனைப் பயிற்சி பெற்ற மின்வேலையாளரைக் கொண்டே பொருத்துவித்தல் வேண்டும்.

எச்சரிக்கை: பம்பியை நீருக்கு அண்மையில் வைக்கும் பொருட்டு, பெற்றோல் அல்லது மண்ணெண்ணெய் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அது கிணற்றுள் தேங்கி, இறங்குவோரின் உயிரைப் போக்கும். மயங்கி வீழ்ந்தவரைத் தூக்கவென இறங்குபவரும் அவ்வாறே மாள்வர். ஒரு போகத்துப் பயிர் பட்டாலும் மறு போகம் உண்டு. போன உயிர் மீளாது.