மேற்கோள் கணக்கில் வராத தேவ்நார்

மும்பை தேவ்நாரில், கோவண்டி ஸ்டேஷன் சாலையில் இயங்குகிறது பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் (ஐஐபிஎஸ்). 1956-ல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம்தான் மத்திய சுகாதார அமைச்சகத்துக்காகத் தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துகிறது. இந்தியாவின் ரத்தசோகை, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு, பிரசவகாலக் கவனிப்பு ஆகியவை பற்றிய மருத்துவக் கட்டுரைகளைப் புரட்டினால், கடைசிப் பக்கத்தில் 'மும்பை: ஐஐபிஎஸ்' என்ற குறிப்பு அடிக்கடி கண்ணில் படும். ஆனாலும் ஒரு விஞ்ஞானியின் தகுதியை அளக்க இன்று கையாளப்படும் எண்களில் இந்த உழைப்புக்கு ஏறக்குறைய இடமே இல்லை.

அந்த எண்களின் அடிப்படை மேற்கோள். ஒருவர் வெளியிட்ட முடிவை மற்றொருவர் பயன்படுத்தினால், தம் கட்டுரையின் இறுதியில் அதைக் குறிப்பிடுவது ஆய்வுலக வழக்கம். இந்தக் குறிப்புகளையெல்லாம் திரட்டி அட்டவணையாக்கும் யோசனையை அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1955-ல் முன்வைத்தார். 1964-ல் அது அச்சுக்கு வந்தது. தேவையான கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவுவதே அதன் முதல் நோக்கம். ஆளை எடைபோடும் பழக்கம் பின்னால் வந்து சேர்ந்தது.

2005-ல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் எச் குறியீட்டை அறிமுகப்படுத்தினார். ஒருவர் எழுதியவற்றில் 20 கட்டுரைகள் தலா 20 முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் எண் 20. கணக்கு எளிது என்பதால் வேலை நியமனம், பதவி உயர்வு, நிதி ஒதுக்கீடு என எங்கும் பரவிவிட்டது. ஆனால் ஒரு கட்டுரை ஒரு துறையையே மாற்றிப் போட்டாலும் எச் எண்ணில் அது ஒன்றைத்தான் கூட்டும். நூறு பேர் சேர்ந்து எழுதிய கட்டுரை அந்த நூறு பேர் கணக்கிலும் முழுசாக ஏறும்.

காலத்தாழ்வு இன்னொரு குறை. கொல்கத்தாவின் சம்பு நாத் டே, காலரா கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீர் சுரக்கச் செய்கிறது என்று 1959-ல் 'நேச்சர்' இதழில் காட்டினார். நோயாளியின் உடல் நீரை வெளியேற்றுவது கிருமி சுரக்கும் நச்சு என்பது அதனால் உறுதியானது. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு பல ஆண்டுகள் போதிய கவனம் பெறவில்லை. இந்தியாவின் எந்த அறிவியல் கழகமும் அவரை உறுப்பினராக்கவில்லை. 1985-ல் அவர் மறைந்தார். அவருடைய பணியை விரிவாக எடுத்துச்சொல்லி மறு ஆண்டு கட்டுரை எழுதியவர் அதே கார்ஃபீல்டுதான்.

டே எழுதியதாவது ஆய்விதழ்க் கட்டுரை. தேவ்நார் தருவது தரவு. தேசியக் குடும்பநல ஆய்வின் முதல் சுற்று 1992-93-ல் நடந்தது. 2019-21-ல் நடந்த ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்களில் 6,36,699 குடும்பங்களைக் களப்பணியாளர்கள் சந்தித்தார்கள். 7,24,115 பெண்களிடமும் 1,01,839 ஆண்களிடமும் பேட்டி கண்டார்கள். கொரோனா ஊரடங்கு குறுக்கிட்டும் வேலை முடிக்கப்பட்டது. வீடு வீடாகப் போய், விரல்நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, குழந்தையின் உயரமும் எடையும் அளந்து, தெரியாத மனிதரிடம் அந்தரங்கமான கேள்விகளைப் பக்குவமாகக் கேட்டுச் சேர்த்தவை இந்த எண்கள். 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை உள்ளவர்கள் முந்தைய சுற்றில் 53 சதவீதமாக இருந்து 57 சதவீதமாக உயர்ந்திருப்பது இப்படித்தான் நாட்டுக்குத் தெரியவந்தது.

பதிவு செய்துகொண்ட ஆய்வாளர்கள் இந்தத் தரவை இலவசமாகப் பெறலாம். அதை வைத்து உலகின் எந்த மூலையிலிருந்தும் கட்டுரை எழுதலாம். எழுத வேண்டும், தரவைத் திறந்துவைத்ததன் பயனே அதுதான். கட்டுரைக்குக் கிடைக்கும் மேற்கோள்கள் எழுதியவரின் எச் எண்ணை உயர்த்தும். மூல அறிக்கையின் ஆசிரியர் இடத்திலோ நிறுவனங்களின் பெயர்கள் மட்டுமே உண்டு; அதனால் எத்தனை ஆயிரம் பேர் அதைக் குறிப்பிட்டாலும் எந்தத் தனிமனிதர் கணக்கிலும் அது சேராது. போதாததற்கு, அறிக்கையின் தலைப்பையும் நிறுவனப் பெயர்களையும் ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் மொத்த எண்ணிக்கையும் சிதறிப்போகிறது. மாதிரிக் குடும்பங்களைத் தேர்ந்தெடுத்தவர், வினாத்தாளை வட்டார மொழிக்கு மாற்றியவர், களத்தில் பிழை திருத்திய மேற்பார்வையாளர் ஆகியோருக்கு இந்த முறையில் கிடைப்பது ஒன்றுமில்லை.

2012-ல் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய விஞ்ஞானிகளும் ஆய்விதழ் ஆசிரியர்களும் உருவாக்கிய பிரகடனம், இதழின் தாக்கக் குறியீட்டை, அதாவது அதன் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள் எண்ணிக்கையை, வைத்து ஆளை மதிப்பிட வேண்டாம் என்கிறது. கட்டுரைகளோடு தரவுத் தொகுப்புகளையும் மென்பொருளையும் ஆய்வின் விளைபொருளாகக் கருதச் சொல்கிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் தேர்வுக் குழுக்கள் இதை ஏற்று, தரவு சேகரிப்பில் யார் எந்தப் பங்கு வகித்தார் என்பதையும் விண்ணப்பத்தில் கேட்டு மதிப்பெண் தர வேண்டும்.