மின்னுக்கும் மதகு உண்டு

ஏரிநீர் மதகின் வழியே வந்தால் பயிர் செழிக்கும். கரையுடைத்து வந்தால் பயிர் அழியும். மின்சாரமும் அத்தகையதே.

இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005ஆம் ஆண்டில் தோன்றிய ஆர்டுயினோ, நாம் எழுதும் கட்டளைப்படி கருவிகளை இயக்கும் சிறு மின்பலகையாகும். அதன் ‘யூனோ ஆர்3’ வகையிலுள்ள நுண்சில்லுக்கு 5 வோல்ட் போதும். 6 வோல்ட்டைக் கடந்தால் அது கெடும்.

12 வோல்ட் மின்சாரத்தைப் பலகையின் வட்டத் துளை வழியே செலுத்தினால், சீராக்கி என்னும் உறுப்பு மதகுபோல் நின்று 5 வோல்ட்டையே உள்ளே விடுகிறது. எஞ்சிய 7 வோல்ட் வெப்பமாய்க் கழிகிறது. 0.1 ஆம்பியர் ஓடினால் வெப்பம் 0.7 வாட், மின்னோட்டம் பெருகினால் சீராக்கி சுடும். ஆதலின் மோட்டாருக்குத் தனி மின்வழி வேண்டும்.

‘5 வோல்ட்’ எனக் குறித்த முனையிலோ மதகு இல்லை. அங்கு 12 வோல்ட்டை இணைத்தால் நுண்சில்லு நொடியில் அழியும். மாணவர்களே, இணைக்குமுன் முனையின் பெயரைப் படியுங்கள்!